எந்த மூக்குக்கு எந்த ஊசி?

(கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், செவிலியர்கள், பாதுகாப்பு அலுவலர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருப்பவர்கள் பலர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கிற மாதிரி பேசமாட்டேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

நம் பேச்சில் ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. "அந்த மாத்திரை எனக்குக் கேட்கும்", "இந்த மருந்து அவருக்குக் கேட்கவில்லை" என்கிறோம். மூக்கில் சதை வளர்ந்து, அறுவை செய்தும் திரும்பத் திரும்ப வளர்கிறவர்களுக்கு இப்போது உயிரியல் மருந்து என்ற ஊசிகள் வந்திருக்கின்றன. இவை யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது? முதல் ஊசி போடும் முன்பே அதைச் சொல்ல முடியுமா? இதுதான் கேள்வி.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து ரோலிங் மில் ஒன்றில் கிரேன் ஓட்டுபவர், நாற்பது வயதிருக்கும். ஒரு மாலை வீட்டில் கேஸ் சிலிண்டர் கசிந்திருக்கிறது. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம்தான் இவருக்கு எட்டவில்லை. ஆறு வருடமாக மூக்கு அடைத்தே கிடந்தது. இரண்டு முறை அறுவை நடந்திருக்கிறது. "சைனஸ் டாக்டர், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் சதை. பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். மேற்கத்தியப் புத்தகங்களில் உரித்த திராட்சை என்று எழுதியிருக்கும். பழவேற்காட்டுச் சாலையில் பனங்காய் சீவுகிறவரைப் பார்த்திருப்பீர்களே, அந்த உரித்த நுங்கு போல என்று நான் சொல்வேன். பளபளப்பாக, நீர் கோத்து, கொஞ்சம் வெளிறி இருக்கும். தொட்டால் வலிக்காது. ஹிப்போகிரட்டிஸ் காலத்தில் கடற்பஞ்சைத் துண்டாக்கி நூலில் கட்டி, மூக்கின் வழியே நுழைத்துத் தொண்டைப் பக்கமாக இழுத்து இதை அகற்றினார்கள். நம் சித்த மருத்துவத்தில் பீனிசம் என்ற தலைப்பில் மூக்கடைப்பும் சளியும் நாற்றமும் விரிவாகப் பேசப்படுகின்றன. நோய் பழசுதான்.

அறுவை செய்தால் தீர்ந்துவிடாதா? தீரும், பலருக்கு. ஆனால் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் அறுவை செய்தவர்களைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் 38 பேர். அதில் 30 பேருக்குச் சதை திரும்ப வளர்ந்திருந்தது. 14 பேர் மறுபடியும் அறுவை மேசையில் படுத்திருந்தார்கள். அறுவை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. சதையை வெட்டலாம், சதையை வளர்க்கிற அழற்சியைக் கத்தியால் வெட்ட முடியாது என்பதுதான் அர்த்தம்.

அந்த அழற்சி எப்படி நடக்கிறது என்று உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். மூக்கின் உள்தோல் ஒரு தொழிற்சாலை என்று வையுங்கள். தூசியோ பூஞ்சையோ கிருமியோ பட்டதும் தோல் சைரன் ஊதுகிறது. அந்தச் சைரனின் பெயர் டி.எஸ்.எல்.பி. அதைக் கேட்டு மேஸ்திரிகள் வருகிறார்கள். இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று அவர்களுக்கு எண் கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் எண்காரர் வேன் அனுப்பி ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிவருகிறார். நாலும் பதின்மூன்றும் சேர்ந்து சளியைப் பெருக்கி, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் பொருளை உற்பத்தி செய்யச் சொல்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டாம் வகை அழற்சி என்று பெயர். ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்த நெரிசல்தான் சதை.

புதிய ஊசிகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் கைவைக்கின்றன. ஓமலிசுமாப் ஐ.ஜி.ஈ.யைப் பிடிக்கிறது. மெபோலிசுமாப் வேனை நிறுத்துகிறது. டுபிலுமாப் நாலும் பதின்மூன்றும் நுழைகிற பொதுக் கதவைப் பூட்டுகிறது. டெசெபெலுமாப் சைரனையே அணைக்கிறது. அமெரிக்காவில் மூக்குச் சதைக்கென்று முதலில் அனுமதி பெற்றது டுபிலுமாப், 2019-ல். அடுத்த ஆண்டு ஓமலிசுமாப், 2021-ல் மெபோலிசுமாப், 2025-ல் டெசெபெலுமாப்.

கேட்கிறதா? கேட்கிறது. சதையின் அளவுக்கு 0 முதல் 8 வரை மதிப்பெண் போடுகிறோம், ஒரு பக்கத்துக்கு நாலு. டுபிலுமாப்பின் முதல் பெரிய சோதனையில் 276 பேர். 24 வாரத்தில், வெறும் ஊசி போட்டவர்களைவிட மருந்து போட்டவர்களுக்கு இந்த மதிப்பெண் சுமார் இரண்டு குறைந்தது. இரு தரப்புமே மூக்கில் ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டெசெபெலுமாப் சோதனையில் இன்னும் வியப்பு. வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு அறுவை தேவைப்பட்டது, மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. சில நோயாளிகளுக்கு வாசனை சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறது. மருத்துவனாக இப்படி ஒரு மாற்றத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

பிறகென்ன, எல்லாருக்கும் போட்டுவிடலாமே? ஒரு மாத ஊசிச் செலவு இங்கே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கைக்கு வாங்கும் சம்பளத்தைத் தாண்டும். நிறுத்தினால் பலருக்குச் சதை திரும்பும். அதனால் இது மூன்று மாதச் செலவோடு முடிகிற விஷயமல்ல. நகையை அடகு வைத்து ஆறு மாதம் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்றால் யார் பதில் சொல்வது? முன்கணிப்பு பணக்கார நாட்டில் ஒரு நுட்பமான ஆராய்ச்சிக் கேள்வி. இங்கே அது அடகுக் கடை ரசீது.

சரி, உலகம் என்ன அளவுகோல் வைத்திருக்கிறது? ஐரோப்பிய வல்லுநர்கள் 2020-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் வைட்ஸ்கே ஃபோக்கன்ஸ் தலைமையில் வந்தது. இரண்டு பக்கமும் சதை, ஏற்கெனவே அறுவை செய்தவர், அதோடு ஐந்து அடையாளங்களில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்: இரண்டாம் வகை அழற்சிக்குச் சான்று, ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுவது, வாழ்க்கைத் தரம் கெட்டிருப்பது, வாசனை போயிருப்பது, ஆஸ்துமா. இதில் மற்ற நாலையும் நோயாளி வாயிலிருந்தே கேட்டுவிடலாம். முதலாவதற்குத்தான் பரிசோதனைக்கூடம் வேண்டும். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஈசினோபில் 250 இருந்தால் சான்று என்றார்கள். மூன்று ஆண்டு கழித்து, 150 போதும் என்று கோட்டைக் கீழே இறக்கினார்கள். குறை சொல்லவில்லை. கோடு இயற்கை போட்டதல்ல, ஆட்கள் கூடி உட்கார்ந்து போட்டது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடு நம் ஊருக்குப் பொருந்துமா? இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

"எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு டாக்டர்." இந்த வாக்கியத்தை வாரத்துக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். ஐரோப்பாவில் அது ரத்தச் சோதனையில் வருகிற ஓர் எண். நம் வீடுகளில் அது ஒரு வியாதியின் பெயர், பாட்டிக்கு இருந்தது, மாமாவுக்கு இருக்கிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1940-ல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். காசம் போலவே இருமல், படத்தில் நிழல், ஆனால் காசக்கிருமி இல்லை. ரத்தத்தில் ஈசினோபில் ஏராளம். 1943-ல் வைன்கார்ட்டன் அதற்கு டிராபிகல் ஈசினோஃபிலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டுகிற மிகை எதிர்ப்பு அது என்று பின்னால் தெளிவானது. ஆக, நம் ரத்தத்தில் ஈசினோபில் ஏறுவதற்கு மூக்கு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொக்கிப்புழு போதும், யானைக்கால் புழு போதும்.

இந்த சிப்காட் தொழிற்பேட்டையில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பிகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மூன்றுமே யானைக்கால் நோய் உள்ள மாநிலங்கள். அப்படி ஒரு தம்பி வந்தார். மூக்கில் சதை, ஈசினோபில் நூற்றுக்கு 18. எந்த அளவுகோலில் வைத்தாலும் முதல் வரிசையில் நிற்பவர். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். "இரண்டு மணிக்கு இருமல் எழுப்பிவிடும்" என்றார். நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினேன். யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டார். இருமல் போனது, ஈசினோபில் இறங்கியது. மூக்குச் சதை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அந்த 18 மூக்கின் கணக்கல்ல, நெஞ்சின் கணக்கு. இன்னொன்று: புழுத்தொற்று இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் இந்த ஊசிகளைத் தொடங்க வேண்டும். ஈசினோபிலும் ஐ.ஜி.ஈ.யும் புழுவோடு சண்டை போடுகிற படை. படையைக் கலைத்த பிறகு எதிரியைத் தேடக் கூடாது.

எண் மேலே ஏமாற்றுவது இப்படி. கீழேயும் ஏமாற்றும். கிரேன் ஓட்டுபவரின் அறிக்கையில் ஈசினோபில் பூஜ்யம். அதை மட்டும் பார்த்தால் "உங்களுக்கு இந்த ஊசி கேட்காது" என்று அனுப்பியிருப்பேன். பையைக் காட்டச் சொன்னேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை. "அடைப்பு அதிகமானா நாலு நாள் போட்டுக்குவேன், மூக்கு திறந்துடும்." பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு மாத்திரை ரத்தத்திலிருந்து ஈசினோபிலைத் துடைத்துப்போட்டுவிடும். நிறுத்திச் சில வாரம் கழித்துப் பார்த்தபோது எண் நானூறைத் தாண்டியது. ஆளும் அதே, மூக்கும் அதே. மாத்திரை போட்டால் மூக்கு திறக்கிறது என்று அவர் சொன்னாரே, அதுவே ஒரு தடயம். சீனாவில் செய்த ஆய்வொன்றில், நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளை அணு மிகுந்த சதை ஸ்டீராய்டுக்கு அவ்வளவாக இணங்கவில்லை என்று கண்டார்கள். அதற்காக யாரும் இந்த மாத்திரையைச் சோதனையாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வரும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு முடிச்சு. டுபிலுமாப் சோதனைத் தரவுகளைத் திரும்ப அலசியபோது, ஈசினோபில் மிகுந்தவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் மருந்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டது தெரிந்தது. ஓமலிசுமாப்புக்கும் தொடக்க ஐ.ஜி.ஈ. அளவு நல்ல ஜோசியம் சொல்லவில்லை. மெபோலிசுமாப்புக்கு மட்டும், வேனை நிறுத்துகிற மருந்தல்லவா, ஈசினோபில் கூடுதலாக இருந்தால் பலனும் கூடுகிற சாயல் உண்டு. இன்னும் வேடிக்கை, டுபிலுமாப் தொடங்கிய சில மாதங்களில் ரத்தத்தில் ஈசினோபில் ஏறக்கூடும். கதவு பூட்டியிருப்பதால் ஆட்கள் தெருவில் நிற்கிறார்கள். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நிறுத்தினால் தப்பு.

ஜப்பானில் 2015-ல் ஜெஸ்ரெக் என்று ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் இருந்தால் 3, சதைக்கு 2, ஸ்கேனில் கண்களுக்கு நடுவிலுள்ள அறைகளில் நிழல் கூடுதலாக இருந்தால் 2, ஈசினோபில் சதவீதத்துக்கு ஏற்ப 4, 8 அல்லது 10. கூட்டி 11-ஓ அதற்கு மேலோ வந்தால் ஈசினோபில் வகை, அறுவைக்குப் பின் திரும்ப வளர வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோப், ஸ்கேன், சாதா ரத்தச் சோதனை, இவ்வளவுதான் தேவை. எனக்குப் பிடித்த முறை. ஆனால் அது சதை திரும்புமா என்று சொல்ல வந்தது, ஊசி கேட்குமா என்று சொல்ல வந்ததல்ல. இரண்டையும் குழப்புகிறவர்கள் மருத்துவர்களிலேயே உண்டு. அதிலும் அதிக மதிப்பெண் ஈசினோபிலுக்குத்தான் என்பதால், நம் புழுக்கணக்கு இங்கேயும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வேறோர் ஊரில் சரியாக வேலை செய்தது இங்கேயும் செய்யும் என்று நம்பக் கூடாது என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த மண் இது. சொன்னால் பெருமையாக இருக்கும். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அதாவது 1997-ல் பிரிந்து திருவள்ளூர் மாவட்டமான இந்த வட்டாரத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தின. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல், பாதிப் பேருக்குமேல் தடுப்பூசி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி. பிரிட்டனில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் நூற்றுக்கு எண்பது அளவில் காப்பாற்றிய தடுப்பூசி அது. இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவே இல்லை. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும் முடிவு மாறவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் முன்பே உடலைப் பழக்கிவைத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுக் குழந்தைக்குப் பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் போய்விடாதீர்கள். பச்சிளம் பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காக்கிறது, அதனால்தான் இன்றும் போடுகிறோம். அந்தக் கிராமத்துக்காரர்கள் கையை நீட்டியதால்தான் உலகம் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டது. மூக்குச் சதை ஊசிக்கும் அப்படி ஒரு கணக்கு நம் ஆட்களிடமே எடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இன்று திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளிகளும் இங்கேயே இருக்கிறார்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். செலவில்லாத கேள்விகள் சில இருக்கின்றன. உடம்புவலி மாத்திரை, அதாவது ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், போட்டால் மூச்சு இரைக்கிறதா? மூக்குச் சதை, ஆஸ்துமா, வலிமாத்திரை ஒவ்வாமை மூன்றும் சேர்ந்தால் அது கடுமையான இரண்டாம் வகை நோய். இந்தக் கூட்டணியை 1922-லேயே பிரான்சில் விடால் கவனித்தார், 1968-ல் சாம்ட்டர் பரவலாக அறியவைத்தார். இவர்களுக்கு டுபிலுமாப் நன்றாகவே கேட்கிறது. பளு தூக்குகிற வேலையில் வலிமாத்திரை போடாத ஆள் யார்? ஆனால் நாம் கேட்காமல் ஒருவரும் தானாகச் சொல்வதில்லை.

ஒரே பக்கம் மட்டும் சதையா? அப்படியானால் ஊசியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், முதலில் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். குறிப்பாக மரத்தூளில் பல ஆண்டு வேலை செய்தவர்களிடம். புற்று சதை வேஷம் போட்டு வரும். மூக்கிலிருந்து களிமண் போலப் பிசுபிசுப்பான சளி வருகிறதா? ஐ.ஜி.ஈ. ஆயிரக்கணக்கில் இருக்கிறதா? ஒவ்வாமைப் பூஞ்சை சைனசாக இருக்கலாம், நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது சகஜம், அங்கே முதல் வைத்தியம் அறுவைதான். 2021-ல் பார்த்த கருப்புப் பூஞ்சை இதுவல்ல, பயப்பட வேண்டாம்.

வாசனையைச் சோதிப்பதிலும் நம் ஊர்ப் பிரச்சினை உண்டு. பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் 1984-ல் கொண்டுவந்த, சுரண்டி முகர்கிற 40 வாசனைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. அதில் ரூட் பீர், இஞ்சி ரொட்டி, லைலாக் பூ எல்லாம் வரும். ஆரணியாற்றங்கரைக்காரர் லைலாக் பூவை எங்கே கண்டார்? தோற்றால் மூக்கு தோற்றதா, பழக்கம் தோற்றதா? நான் காபித்தூளும் பெருங்காயமும் வைத்திருக்கிறேன். தைலம் வைப்பதில்லை. "தைலம் நல்லாத் தெரியுதே" என்று பலர் சொல்வார்கள். அது வாசனை நரம்பு அல்ல. முகத்தின் தொடு உணர்ச்சி நரம்பு எரிச்சலைச் சொல்கிறது. கேஸ் கட்டிங், பெயின்ட் பிரிவுகளில் இருப்பவர்களைப் பாதுகாப்பு அலுவலர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது காபித்தூள் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு தேநீர்ச் செலவு.

இத்தனையும் பார்த்த பிறகும், ஊசி கேட்குமா என்று அடித்துச் சொல்லும் சோதனை ஒன்று இன்று உலகத்தில் எங்கும் கிடையாது. இப்போதைக்கு ஊசியேதான் சோதனை. ஆறு மாதம் போட்டுவிட்டு ஐந்து விஷயம் பார்க்கிறோம்: சதை சுருங்கியதா, ஸ்டீராய்டு மாத்திரை குறைந்ததா, அன்றாட வாழ்க்கை மேம்பட்டதா, வாசனை வந்ததா, ஆஸ்துமா அடங்கியதா. ஒன்றுமே இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். ஆசையில் இழுக்கக் கூடாது. நன்றாகக் கேட்கிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் டுபிலுமாப் ஊசியின் இரண்டு வார இடைவெளியை நாலு, ஆறு வாரம் என்று நீட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குப் பலன் நிலைத்தது. நமக்கு இது சாதாரணச் செய்தியல்ல. முன்கணிப்பு தெரியாத இடத்தில் செலவையாவது பாதியாக்கலாம்.

கிரேன் ஓட்டுபவர் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒருவர் சைகையில் கேட்கிறார். அவருக்கு ஊசி போடவில்லை. முந்தைய அறுவை முழுமையாக நடக்கவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. மறு அறுவை செய்து, தினமும் உப்புநீரில் மூக்கைக் கழுவி, அந்த நீரிலேயே ஸ்டீராய்டு கலந்து விட்டு வருகிறார். இரண்டு ஆண்டாகத் தாக்குப்பிடிக்கிறது. சதை திரும்பினால் அவர் பெயர் என் நோட்டில் ஊசி வரிசையில் முதலில் இருக்கிறது.

ராத்திரி ஷிப்ட் வேன் ஒன்பதுக்கு என்றார்கள். கேள்வி இருப்பவர்கள் இருங்கள். ரத்த அறிக்கை கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள். அந்த வெள்ளை மாத்திரையைக் கடைசியாக என்று போட்டீர்கள் என்பதை அறிக்கையின் மூலையில் பென்சிலால் எழுதிக்கொண்டு வாருங்கள்.